சாட்சியை என்ன செய்வது? அமானுஷ்யத்தை அடக்கும் ரகசியத் துறை என்ற கற்பனையின் பின்னணி

கதை எந்த நாட்டில் நடந்தாலும் அமானுஷ்யத்தை அடக்கும் ரகசியத் துறை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் யாரும் திரும்பிப் பார்க்காத ஓர் அலுவலகக் கட்டடம். உள்ளே, வேறு ஏதோ இலாகாவின் பெயரில் ஒதுக்கப்பட்ட நிதியில் ஓடும் ஒரு நிர்வாகம். பில்லி சூனியம், பேய், பழங்காலச் சாபம் என்று எங்கே தகவல் வந்தாலும் அதன் ஆட்கள் போய் இறங்குவார்கள். பொருளைக் கைப்பற்றுவார்கள், ஆளைப் பிடிப்பார்கள், ஊருக்கு ஒரு சமாதானக் கதை சொல்வார்கள். மறுநாள் பத்திரிகையில் எரிவாயுக் கசிவு என்று செய்தி வரும்.

இந்தக் கற்பனை ஏன் இவ்வளவு நம்பும்படி இருக்கிறது என்று கேட்டால், பனிப்போர்க் காலத்து உளவு நிறுவனங்களைத்தான் பலரும் காரணமாகச் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. மந்திரத்தை அரசு கண்காணித்ததற்கு ஈராயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. ரகசிய விசாரணை மன்றம், பொறிவைத்துப் பிடிப்பது, முத்திரையிட்ட கோப்பு, எரிக்கப்பட்ட ஆவணம் என்று கதைகளில் வரும் எல்லாமே நிஜத்தில் ஒருமுறை நடந்தவை. அந்த வரலாற்றைப் படிக்கும்போது எனக்கு மந்திரவாதியைவிட இன்னொருவர்தான் முக்கியமாகப் படுகிறார். பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்ட சாட்சி. அவரை என்ன செய்வது என்ற கேள்விக்கு ஒரு துறை என்ன பதில் வைத்திருக்கிறது என்பதை வைத்தே அதன் குணத்தைச் சொல்லிவிடலாம்.

முதலில் பொறிவைப்பது. அர்த்தசாஸ்திரத்தின் நான்காம் அதிகரணம் முழுக்க, சமூகத்துக்கு முள்ளாக இருப்பவர்களைக் களைவது பற்றியது. அதில் வசிய மருந்து கொடுப்பவரைப் பிடிக்க ஒரு வழி சொல்லப்படுகிறது. ஒற்றன் அவரிடம் போய், இன்னாருடைய மனைவி மேல் எனக்கு ஆசை, அவள் என்னை விரும்பும்படி செய்து கொடு, இந்தா பணம் என்று கேட்க வேண்டும். அவர் ஒப்புக்கொண்டு செய்தால் நாடு கடத்தல். வசியம் பலித்ததா இல்லையா என்பது கௌடில்யருக்குப் பொருட்டே இல்லை. செய்யத் துணிந்தாரா என்பதுதான் கேள்வி.

அடுத்த அத்தியாயம் இதைவிடச் சுவையானது. திருட்டுப் புத்தி உள்ள இளைஞர்களைக் கண்டுபிடிக்கச் சித்தர் வேடத்தில் ஒற்றர்கள் போகிறார்கள். கதவு திறக்கும் மந்திரம், ஆளை மறைக்கும் மந்திரம், காவலனைத் தூங்கவைக்கும் மந்திரம் எல்லாம் தங்களிடம் இருப்பதாக ஆசை காட்டுகிறார்கள். இரவில் ஓர் ஊருக்குப் போகலாம் என்று கூட்டிக்கொண்டு கிளம்பி, வழியில் வேறோர் ஊரில் நிறுத்தி, அவ்வளவு தூரம் எதற்கு, இங்கேயே காட்டுகிறேன் என்கிறார்கள். அந்த ஊரில் எல்லாம் முன்கூட்டியே பேசிவைத்தது. மந்திரம் சொன்னதும் கதவு திறக்கும், காவலாளி தூங்குவது போலக் கிடப்பான். நம்பிவிட்ட இளைஞன் அடுத்து அடையாளமிட்ட பொருள் உள்ள வீட்டில் தானே மந்திரத்தைப் பயன்படுத்தப் போவான், அங்கே பிடிபடுவான். அரசே மந்திரவாதி வேடம் போடும் நாடகம் இது. 1953-இல் அமெரிக்காவின் சிஐஏ, ஜான் மல்ஹாலண்ட் என்ற மேடை மேஜிக் நிபுணரைத் தன் உளவாளிகளுக்குக் கைவித்தை கற்றுத்தரும் கையேடு எழுத அமர்த்தியது. நடுவில் எத்தனையோ நூற்றாண்டு, ஆனாலும் உத்தி ஒன்றுதான்.

சாட்சி என்ற பாத்திரம் முழு உருவத்தோடு வருவது ரோமில். கி.மு. 186-இல் பாக்கஸ் என்ற தெய்வத்தின் இரவு வழிபாட்டுக் குழுக்கள் மீது ரோம் செனட் பாய்ந்தது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் சேர்ந்திருந்ததாக வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். சிறையில் தள்ளப்பட்டவர்களைவிடக் கொல்லப்பட்டவர்கள் அதிகம் என்றும் சொல்கிறார். செனட்டின் ஆணை பொறிக்கப்பட்ட வெண்கலத் தகடு ஒன்று 1640-இல் தெற்கு இத்தாலியில் கிடைத்தது, இன்று வியன்னாவில் இருக்கிறது. அதைப் படித்தால் அசல் அரசு உத்தரவின் வாசனை அடிக்கும். வழிபாட்டுக்கு முழுத் தடை கிடையாது. கட்டாயம் வேண்டும் என்பவர் ரோம் நகர நீதி அதிகாரியிடம் மனுச் செய்ய வேண்டும். குறைந்தது 100 செனட்டர்கள் இருக்கும் அமர்வில் அனுமதி பெற வேண்டும். ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது, அதில் ஆண்கள் இருவர், பெண்கள் மூவர் மட்டும். பொது நிதி வைத்துக்கொள்ளக் கூடாது. கதைகளில் மந்திரவாதிக்கு லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகம் வந்தால் சிரிப்பு வரலாம், ஆனால் ரோமில் அது நிஜமாகவே இருந்தது.

இந்த விவகாரத்தை ரோமின் உச்ச அதிகாரியான கன்சல் பொஸ்டூமியஸிடம் விளக்கமாகச் சொன்னவர் ஹிஸ்பாலா ஃபெசீனியா என்ற பெண். அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். வாயைத் திறந்தால் கொன்றுவிடுவார்கள் என்று பயந்து நடுங்கியதாக லிவி சொல்கிறார். கன்சல் என்ன செய்தார் தெரியுமா? தன் மாமியார் வீட்டு மாடியில் ஹிஸ்பாலாவுக்கு இடம் கொடுக்கச் சொன்னார். தெருவிலிருந்து மாடிக்கு ஏறும் படிக்கட்டு அடைக்கப்பட்டது, வீட்டுக்குள்ளிருந்து மட்டும் போகும்படி வழி மாற்றப்பட்டது. வழக்கு முடிந்ததும் பெரிய தொகை பரிசாக வந்தது, சுதந்திரக் குடிமகனை மணக்கும் உரிமையும் வந்தது. ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற ஓர் அரசு இந்த ஒரு பெண்ணை மட்டும் கண்ணுக்குள் வைத்துக் காத்தது, காரணம் அவர் சொன்னது அரசுக்குத் தேவைப்பட்டது. சாட்சியின் வார்த்தை அரசுக்குச் சங்கடமாக ஆகும்போது என்ன நடக்கும் என்பதற்குப் பாரிஸுக்குப் போக வேண்டும்.

அதற்கு முன் ஜப்பானை ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அங்கே ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவான ஒன்ம்யோரியோ என்ற அரசுத் துறை நாள்காட்டி, நட்சத்திர ஆய்வு, நீர்க்கடிகாரம், குறிபார்த்தல் எல்லாவற்றையும் கவனித்தது. வானத்தில் வழக்கத்துக்கு மாறான அறிகுறி தெரிந்தால் அதை முத்திரையிட்ட ரகசிய அறிக்கையாகப் பேரரசருக்கு அனுப்புவார்கள். 1870-இல்தான் அந்தத் துறை கலைக்கப்பட்டது. கற்பனைத் துறைக்கு இவ்வளவு நெருங்கிய நிஜ உதாரணம் வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

சரி, பாரிஸ். 1667-இல் பதினான்காம் லூயி மன்னர் நகருக்கு முதல் காவல்துறைத் தலைவராக லா ரேனி என்பவரை நியமித்தார். தெருவிளக்கு, குப்பை, பத்திரிகைத் தணிக்கை எல்லாம் அவர் பொறுப்பு. பத்தாண்டுக்குள் அவர் மேசைக்கு வேறு வகை வழக்குகள் வரத் தொடங்கின. ரேகை பார்ப்பவர்கள், குறி சொல்பவர்கள் ஒரு பக்கம் காதல் மருந்து விற்றார்கள், இன்னொரு பக்கம் கணவனையும் சொத்துக்காரத் தகப்பனையும் தீர்த்துக்கட்ட ஆர்சனிக் விற்றார்கள். வாங்கியவர்களில் பிரபுக் குடும்பங்களும் இருந்தன. 1679-இல் மன்னர் தனி மன்றம் ஒன்றை அமைத்தார். அதன் விசாரணை ரகசியம், அதன் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. மக்கள் அதை எரியும் அறை என்று அழைத்தார்கள், பழங்காலத்தில் இத்தகைய மன்றங்கள் கறுப்புத் துணி போர்த்து, பந்த வெளிச்சத்தில் நடந்த நினைவில். 400-க்கும் மேற்பட்டோர் வழக்கில் சிக்கினார்கள். 36 பேருக்கு மரண தண்டனை. லா வாய்ஸன் என்று பெயர் பெற்ற குறிசொல்லி 1680 பிப்ரவரியில் உயிரோடு எரிக்கப்பட்டார்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். லா வாய்ஸனின் மகளும் வேறு சிலரும் விசாரணையில் மன்னரின் காதலி மோந்தெஸ்பானின் பெயரைச் சொன்னார்கள். மன்னருடைய அன்பைத் தக்கவைத்துக்கொள்ள அவர் மருந்து வாங்கினார், இரவில் நடந்த கறுப்புப் பூசைகளில் பங்கெடுத்தார் என்றெல்லாம் வாக்குமூலம். மோந்தெஸ்பான் மன்னரின் குழந்தைகளுக்குத் தாய். மன்னர் மன்றத்தை உடனே நிறுத்திவைத்தார். மறுபடி கூடியபோது அந்த வாக்குமூலங்களை நீதிபதிகள் பார்க்க முடியாதபடி தனியாகப் பிரித்துவிட்டார்கள். 1682-இல் மன்றமே மூடப்பட்டது.

இப்போது அந்தச் சாட்சிகள். அவர்களை விசாரித்தால் பெயர் வெளியே வரும். விசாரிக்காமல் தண்டிக்கச் சட்டம் இடம் கொடுக்காது. விட்டுவிட்டால் பேசுவார்கள். ஆகவே மன்னரின் கையெழுத்திட்ட உத்தரவின் பேரில், வழக்கே இல்லாமல், தொலைதூரக் கோட்டைகளுக்கு அனுப்பினார்கள். சுவரில் அடித்த சங்கிலியில் ஒரு கையையோ காலையோ பிணைத்து வைக்கச் சொல்லி அமைச்சர் லூவுவா உத்தரவு போட்டார். அவர்கள் உளறுவதை யாரும் கேட்டுவிடக் கூடாது, சத்தம் போட்டால் சவுக்கடி. குற்றம் நிரூபணமானவர்கள் தூக்கிலும் தீயிலும் சீக்கிரம் செத்தார்கள். எதுவும் நிரூபிக்கப்படாதவர்கள் சங்கிலியிலேயே கிழடானார்கள். குற்றவாளிக்கு ஒரு முடிவு இருந்தது, தெரிந்துகொண்டவருக்கு அதுகூட இல்லை. இந்த ஒரு தகவல் எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆறுவதில்லை.

1709-இல் லா ரேனி இறந்தார். அடுத்த மாதமே மன்னர் அந்தத் தனிக் காகிதங்களைத் தன் முன்னால் எரிக்கவைத்தார். ஆனால் லா ரேனி தன் கைப்பட எழுதிய குறிப்புகள் தப்பிவிட்டன. இன்று நாம் இதைப் பேச முடிவதே அவற்றால்தான். 1973-இல் சிஐஏ-வின் மனக்கட்டுப்பாட்டுச் சோதனைகளான எம்கே அல்ட்ரா திட்டத்தின் கோப்புகளை அழிக்க அதன் தலைவர் ஹெல்ம்ஸ் உத்தரவிட்டபோதும் இதே கதைதான். நிதிக் கணக்குகளோடு சேர்ந்து வேறிடத்தில் கிடந்த சுமார் 20,000 பக்கங்கள் 1977-இல் வெளியே வந்தன. சோதனை செய்தவர்கள் தடயத்தை அழித்தார்கள், கணக்குப் பிரிவு பில்களைப் பத்திரமாக வைத்திருந்தது. ரகசியத் துறை பற்றிக் கதை எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ரகசியம் மந்திர அறையிலிருந்து கசிவதைவிடப் பயணப்படி ரசீதிலிருந்து கசிவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

1682-இல் மன்றம் மூடிய கையோடு பிரான்ஸ் போட்ட ஆணையும் கவனிக்கத்தக்கது. அது மந்திரத்தை ‘மந்திரம் எனப்படுவது’ என்ற தொனியில் பேசியது. குறி சொல்பவர்கள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும், ஆர்சனிக் விற்பவர் வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் பதிவேட்டில் எழுத வேண்டும். பேயை விரட்டக் கிளம்பிய ஒரு விசாரணை, கடைசியில் விஷப் பதிவேட்டில் வந்து நின்றது. இங்கிலாந்தின் 1735-ஆம் ஆண்டுச் சட்டமும் அதே வழியில் போனது. சூனியம் என்ற குற்றம் போய், சூனியம் தெரியும் என்று நடிப்பது குற்றமானது.

அந்தச் சட்டத்தின் கீழ்தான் 1944-இல் ஹெலன் டங்கன் என்ற ஆவியுலக ஊடகர் லண்டனில் தண்டிக்கப்பட்டார். 1941 நவம்பரில் எச்எம்எஸ் பார்ஹம் என்ற போர்க்கப்பல் மூழ்கி 800-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அரசு அந்தச் செய்தியை அடுத்த ஜனவரி வரை மறைத்து வைத்திருந்தது. அதற்குள் டங்கனின் அமர்வு ஒன்றில் அந்தக் கப்பலின் மாலுமி ஒருவரின் ஆவி வந்ததாகப் பேச்சு பரவியது. 1944 ஜனவரியில் கைது, பிறகு ஒன்பது மாதச் சிறை. நேச நாட்டுப் படைகளின் நார்மண்டி தரையிறக்கத்துக்கு முன் அவர் வாயை அடைக்கத்தான் வழக்கு என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். என் கணிப்பில் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. டங்கன் 1933-இலேயே ஏமாற்றியதற்காக எடின்பரோவில் தண்டிக்கப்பட்டவர், துணியை ஆவிப்பொருள் என்று காட்டிப் பிடிபட்டவர். இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அரசே ரகசியமாகத் தகவல் சொல்லியிருந்தது, ஆகவே சேதி வெளியே கசிய ஆவி தேவைப்படவில்லை. பிரதமர் சர்ச்சில் அந்த வழக்கை வழக்கொழிந்த கோமாளித்தனம் என்று உள்துறைக்குக் குறிப்பு எழுதினார். ஆனாலும் ஒரு விஷயம் நிற்கிறது. போர்க்காலத்தில் ஒரு அரசு மறைத்ததை ஒருவர் வெளியே சொன்னால், அவர் எப்படித் தெரிந்துகொண்டார் என்பது அரசுக்கு இரண்டாம் பட்சம். 1951-இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது.

மனசக்தியால் தூரத்து இடங்களைப் பார்த்து உளவறிய முயன்ற, பனிப்போர் காலத்து அமெரிக்க ஸ்டார்கேட் திட்டத்தை இங்கே விரித்துப் பேசப் போவதில்லை. 1970-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் ஆரம்பித்து, ஃபோர்ட் மீட் ராணுவ முகாமில் தொடர்ந்து, பெயர் மாற்றி மாற்றிச் சுமார் இரண்டு கோடி டாலர் செலவில் ஓடி, 1995-இல் உளவுக்குப் பயன்படவில்லை என்று மூடப்பட்டது. கற்பனைத் துறைக்கு அது தந்தது ஒரு அலுவலகச் சூழல்தான். சின்ன அறை, மேசை, காகிதம், கண்ணை மூடிக்கொண்டு தூரத்து இடத்தை விவரிக்கும் ஒரு ராணுவ ஆள்.

இனி கதைகளுக்கு வருவோம். இந்த வகைக்கு ஆரம்பகால விதைகளில் ஒன்று அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்ட் 1936-இல் வெளியிட்ட இன்ஸ்மவுத் கதை. அமெரிக்க அரசு அதிகாரிகள் ஒரு கடற்கரை ஊரை ரகசியமாகச் சோதனையிடுவதில் அது தொடங்குகிறது. வீடுகளைக் கொளுத்துகிறார்கள், ஏராளமானவர்களைக் கைது செய்கிறார்கள். ஆனால் எந்த வழக்கும் நடந்ததாகச் செய்தி இல்லை, வழக்கமான சிறைகளில் அவர்களைப் பார்த்தவரும் இல்லை. லவ்கிராஃப்ட் அதைச் சில வரிகளில் சொல்லிவிட்டு மேலே போகிறார். பாரிஸ் கோட்டைகளைப் பற்றித் தெரிந்தவருக்கு அந்த வரிகளைத் தாண்டிப் போவது கஷ்டம்.

பிற்காலக் கதைகள் இந்த அசௌகரியத்தை இரண்டு விதமாகத் துடைத்தன. ஒன்று, சாட்சியையே வேலைக்கு எடுத்துக்கொள்வது. நீ பார்த்துவிட்டாய், இனி நீ எங்களில் ஒருவன். கதாநாயகன் துறைக்குள் நுழைய இதைவிடச் சுலபமான கதவு கிடையாது, வாசகனும் அவனோடு சேர்ந்து துறையைக் கற்றுக்கொள்கிறான். ஆனால் அந்த வேலையை மறுக்க வழி இருந்ததா என்று பெரும்பாலான கதைகள் கேட்பதே இல்லை. மற்றது, நினைவை அழிப்பது. ஒரு ஒளிக்கீற்று, ஒரு மாத்திரை, ஒரு மந்திரம், சாட்சி வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவார். எழுத்தாளருக்கு இது மிக வசதியான கருவி. லூவுவாவின் சங்கிலி செய்த அதே வேலையை ரத்தமும் அழுகையும் இல்லாமல் செய்துகொடுக்கிறது. அதனால்தான் எனக்கு அதன் மேல் நம்பிக்கை வரவில்லை. தன் பிள்ளையைப் பேய் கொண்டுபோனதைப் பார்த்த தாயின் நினைவை அழித்து, சாலை விபத்து என்று வேறொரு துக்கத்தை அங்கே வைப்பது உதவி அல்ல. அதைச் செய்துவிட்டு அதிகாரிகள் வண்டியில் ஏறி அடுத்த காட்சிக்குப் போய்விடும் கதை, தன் கையிலிருந்த கனமான விஷயத்தைக் கீழே போட்டுவிட்டது.

இதற்கு மாற்றாக ஒரு நிஜ அதிகாரியின் முன்மாதிரி இருக்கிறது. 1610 நவம்பரில் வடக்கு ஸ்பெயினின் லொக்ரோன்யோ நகரில், சூனியக்காரர்கள் என்று ஆறு பேரைச் சமய விசாரணை மன்றம் எரித்தது. அந்த மன்றத்தின் மூன்று விசாரணையாளர்களில் இளையவர் அலோன்சோ டி சலாசார் ஃப்ரியாஸ். அடுத்த ஆண்டு மன்னிப்பு ஆணையோடு அவர் கிராமம் கிராமமாகப் போனார். 1,802 பேர் அவர் முன் வந்தார்கள், அதில் 1,384 பேர் குழந்தைகள். அவர் செய்ததெல்லாம் பொறுமையான போலீஸ் வேலை. சூனியக்கூட்டம் நடந்ததாகச் சொன்ன இடங்களுக்கு ஆட்களைத் தனித்தனியாக அழைத்துப்போய் விவரம் கேட்டார், ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதோடு பொருந்தவில்லை. கூட்டம் நடக்கும் என்ற இரவில் தன் எழுத்தர்களை அங்கே அனுப்பினார், அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. பறக்கும் களிம்பு என்று ஒப்படைக்கப்பட்ட ஜாடிகளைச் சோதித்தார், ஒன்றிலும் எந்தச் சக்தியும் இல்லை. சிலர் அதிகாரிகளைத் திருப்திப்படுத்த வீட்டிலேயே ஏதோ கலக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். வாக்குமூலத்தை வாபஸ் வாங்க வந்தவர்களை அவர் தண்டிக்கவில்லை, அவர்கள் சொன்னதையும் எழுதிக்கொண்டார். சூனியத்தைப் பற்றிப் பேசவும் எழுதவும் ஆரம்பிக்கும்வரை அந்த ஊர்களில் சூனியக்காரரும் இல்லை, சூனியத்தால் பாதிக்கப்பட்டவரும் இல்லை என்பது அவர் அறிக்கையின் சாரம். சக விசாரணையாளர்கள் இருவரும் அவரைக் கடுமையாக எதிர்த்தார்கள். 1614-இல் மேலிடம் அவர் பக்கம் சாய்ந்து, சூனிய வழக்குகளுக்குக் கடுமையான சாட்சிய விதிகளைப் போட்டது.

கற்பனைத் துறையில் சலாசாரை அப்படியே நுழைக்க முடியாது என்பது உண்மைதான். அங்கே மந்திரம் நிஜம். அப்புறம் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நிறைய இருக்கிறது. சாபம் உண்மை என்று வைத்துக்கொள்வோம், அதை வைத்தது இந்தப் பெண்தான் என்று யார் சொன்னது? புகார் கொடுத்தவருக்கும் அவருக்கும் நிலத் தகராறு உண்டா? கோப்பில் இருக்கும் ஒன்பது வாக்குமூலமும் ஏன் ஒரே வாக்கியத்தில் தொடங்குகின்றன? பிடித்து வைத்த பொருளைச் சோதித்தது யார், எப்போது? மந்திரம் பலிக்கிற உலகத்தில் பொய்க் குற்றச்சாட்டு இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் அங்கே எதைச் சொன்னாலும் நடந்திருக்கலாம் என்று நம்ப ஆள் இருக்கும்.

ஆகவே இந்த வகைக் கதையை எழுத உட்காருபவர்களுக்கு என் யோசனை: மந்திர விதிகளைப் போலவே சாட்சிய விதிகளையும் முதலிலேயே வகுத்துக்கொள்ளுங்கள். பிடிபட்டவர் யாரிடம் முறையிடலாம், சொன்னதை வாபஸ் வாங்கினால் என்ன ஆகும், துறையின் தலைவர் பெயரே வாக்குமூலத்தில் வந்தால் அந்தக் காகிதம் எந்த அலமாரிக்குப் போகும். இந்த மூன்றுக்கும் பதில் எழுதி வைத்துவிட்டால், பேய் வருவதற்கு முன்பே கதையில் பயம் வந்துவிடும்.